கூம் அடிக்கச் சொன்ன ஆணி

இந்தப் பெரிய போர் எப்படி மூண்டது என்று படித்த ஆண்கள் எல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு பேசுகிறார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன், வீம்பு. அது முதலில் என் வீட்டு முற்றத்தில்தான் நடந்தது. ராஜாங்கங்கள் பிறகுதான் ஆரம்பித்தன.

என் பெயர் ஸ்பாசா. பெல்கிரேடில் சாவா ஆற்றுக்கு இறங்கும் சரிவில் எங்கள் வீடு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் செர்பியா. அந்தப் பக்கம் ஸெமுன் ஊரும் அதற்குப் பின்னால் வியன்னாக் கிழச் சக்கரவர்த்தியின் சாம்ராஜ்யமும். சாம்ராஜ்யம் என்றதும் எங்கோ தொலைவில் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். காலையில் படகேறிப் போய் ஸெமுனில் பொத்தானும் நூலும் வாங்கிக்கொண்டு மத்தியானச் சமையலுக்குத் திரும்பிவிடுவேன்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் எனக்கு மகன் பிறந்தான். பத்து மாதம் சுமந்தவள் நான், ஆனால் பெயர் வைக்கும் உரிமை எனக்கில்லை. என் கணவர் வெலிமிருக்கும் இல்லை. ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தும் ஞானத்தகப்பனை நாங்கள் கூம் என்போம். பெயரை அவர்தான் வைப்பார். என்ன பெயர் என்று முன்கூட்டி யாரிடமும் மூச்சு விடமாட்டார். தாய் கோயிலுக்குப் போவதும் கிடையாது. பாதிரியார் முன்னால் கூம் வாய் திறந்து சொன்னதும், தெருப்பிள்ளைகள் ஓடிவந்து வீட்டில் இருக்கும் தாயிடம் பெயரைச் சொல்வார்கள். முதலில் வந்து சொல்பவனுக்குத் தாய் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை தருவாள். நானும் சிவப்புப் பூ போட்டு ஒரு ஜோடி பின்னி வைத்திருந்தேன்.

கூமை மாற்றவும் முடியாது. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்காரர்கள்தான். எங்களுக்கு வாய்த்த வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸெமுன் கடைத்தெருவில் இருந்தது. வீட்டுக்காரர் அர்சா, நாவிதர். எங்களைப் போல செர்பியர்தான், எங்கள் கோயில்தான். ஆனால் சாம்ராஜ்யத்து அதிகாரிகளின் தாடையைத் தடவித் தடவி அவருக்கும் கொஞ்சம் அதிகாரியின் தோரணை வந்துவிட்டது. வட்டத் தொப்பி, சங்கிலி போட்ட கடிகாரம், பேச்சுக்குப் பேச்சு ‘வியன்னாவிலே எப்படின்னா’.

என் மாமனார் பெயர் ராதிசாவ். அவருக்கு வியன்னா என்ற சொல்லே ஆகாது. அவர் பன்றி வியாபாரி. சில வருடங்களுக்கு முன் வியன்னாக்காரர்கள் எங்கள் பன்றிகளை எல்லையில் நிறுத்தி, செர்பியப் பன்றி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் அந்த வருடம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். போருக்குக் காரணம் தேடுகிறவர்கள் பன்றியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மாமனார் அன்றிலிருந்து அந்தக் கரையில் கோழி கூவினால்கூட அதைப் பகைச் சத்தமாகத்தான் கேட்டார்.

இப்படி இருவர். நடுவில் என் பெயரில்லாத பிள்ளை. பெயர் வைக்கும்வரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடக் கூடாது என்பதால் நான் அவனை எலிக்குட்டி என்றேன்.

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி ஞானஸ்நானம் என்று படகோட்டி யோக்சிமிடம் மாமனார் சொல்லியனுப்பினார். அங்கேதான் வந்தது வினை. நாங்கள் பழைய காலண்டர்க்காரர்கள். சாம்ராஜ்யத்தில் புதிய காலண்டர். அவர்கள் எங்களைவிடப் பதின்மூன்று நாள் முன்னால் ஓடுகிறார்கள். ஸெமுனிலும் எங்கள் கோயிலுக்குள் பழைய தேதிதான், வாசலைத் தாண்டினால் புதிய தேதி. அர்சா எப்போதும் வாசலைத் தாண்டியே இருப்பவர்.

அன்று எங்களுக்கு ஜூன் பதினாறு. நான் முற்றத்தில் குழந்தையின் அணைத்துணி அலசிக்கொண்டிருந்தேன். மாமனார் உள் காற்சட்டையோடு உட்கார்ந்து முழங்கால் வலிக்கு வெந்நீரில் காலை ஊறவைத்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள் சாராயேவோவில் ஒரு மாணவன் வியன்னா இளவரசரைச் சுட்டுவிட்டான் என்று தெருவெல்லாம் குசுகுசுப்பு. அப்போது வாசற்கதவு திறந்தது. வட்டத் தொப்பி, பளபளக்கும் காலணி, ஒரு கையில் ஈரச் சாக்கில் சுற்றிய பெரிய கெண்டை மீன், இன்னொரு கையில் அழகாக மடித்த வெள்ளைத் துணி. குழந்தையை நீரிலிருந்து வாங்கிப் போர்த்துகிற துணி அது, கூம்தான் கொண்டுவர வேண்டும்.

“வாத்தியக்காரங்க எங்கே?” என்றார் அர்சா.

“எந்த வாத்தியக்காரங்க?” என்றார் மாமனார், வாளிக்குள் காலோடு.

“பேர் வைக்கிற அன்னிக்கு வரவேற்க வாத்தியம் இல்லை, பாதிரியார் இல்லை, வீட்டுப் பெரியவர் உள் காற்சட்டையோட உட்கார்ந்திருக்காரு. இதுதான் செர்பிய மரியாதையா?”

“இன்னிக்குப் பதினாறுடா!”

“இன்னிக்கு உலகம் பூரா இருபத்தொம்பதுதான் பெரியவரே! பாரிஸ்ல இருபத்தொம்பது, லண்டன்ல இருபத்தொம்பது. உங்க முற்றத்துல மட்டும் பதினாறா?”

“ஆமா! என் முற்றத்துல பதினாறுதான்!”

நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். “அண்ணே, உட்காருங்கண்ணே. தப்பு எங்க மேலதான், சாப்பிட்டுப் போங்க” என்றேன். அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பீன்ஸ் சூப் என்றேன். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! பதின்மூன்று நாளைக்கூட அவர் மன்னித்திருப்பார், பீன்ஸ் சூப்பை மன்னிக்க முடியவில்லை.

“உங்க காலண்டர் பதிமூணு நாள் பின்னால இருக்கு, உங்க நாடு பதிமூணு வருஷம் பின்னால இருக்கு” என்றார்.

“போடா, தாடி வழிக்கிறவனே!” என்றார் மாமனார்.

அர்சா மீனையும் துணியையும் எடுத்துக்கொண்டு முறுக்கிக்கொண்டு போய்விட்டார். மீன் போனதில் எனக்கு வருத்தம்தான், நல்ல கெண்டை. ஆனால் அந்த வெள்ளைத் துணி வாசலைத் தாண்டிப் போனதைப் பார்த்ததும் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினேன்.

அதன்பிறகு யோக்சிமின் படகுதான் எங்கள் தூதரகம். யோக்சிம் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், இரண்டு பேருடைய முகபாவத்தோடும் சொல்லிக் காட்டுவார். அர்சாவிடமிருந்து நிபந்தனைகள் வந்தன. படகுத்துறையிலிருந்து வீடு வரை வாத்தியத்தோடு அழைத்துப் போக வேண்டும். மேசையின் தலைப்பக்கம் அவருக்கு. கெண்டைக் குழம்பை ஸெமுன் பக்குவத்தில் செய்ய வேண்டும், பீன்ஸ் அந்த வீதிக்குள்ளேயே வரக் கூடாது. தாடி வழிக்கிறவன் என்று சொன்னதற்குப் பெரியவர் எல்லார் முன்னாலும் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இப்படியே போய், கடைசியில் ஒன்று.

“உங்க வீட்டு நடுச்சுவர்ல ஒரு ஆணி அடிக்கணுமாம்” என்றார் யோக்சிம். “அதுல அவரே கொண்டாந்து புதுக் காலண்டரை மாட்டுவாராம். இனிமே இந்தத் தேதித் தகராறே வரக் கூடாதாம்.”

மாமனார் நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் பதில் சொன்னார். “வாத்தியம் சரி. மேசை சரி. மீன் சரி. வருத்தம்... சரி, அதுவும் தெரிவிக்கிறேன். ஆனா ஆணி மட்டும் முடியாது. என் சுவர்ல அடுத்தவன் ஆணியா? இன்னிக்குக் காலண்டர் மாட்டுவான், நாளைக்குத் தொப்பி மாட்டுவான், நாளன்னிக்கு இது என் வீடுங்கிறான்.”

“ஒரு ஆணிக்காக என் புள்ளை பேரில்லாம கிடக்கணுமா மாமா?” என்று கேட்டேன்.

“இது ஆணி இல்லம்மா, மானம்.”

வெலிமிரைப் பார்த்தேன். அவர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்பா பக்கமும் பேச முடியாது, கூம் பக்கமும் பேச முடியாது, பெண்டாட்டி பக்கம் பேசலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆணி இல்லையென்றால் வரமாட்டேன் என்றார் அர்சா. நாங்கள் சொன்ன இருபத்தொன்பதும் வந்து போனது. யாரும் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வியன்னாவிலிருந்து எங்கள் அரசாங்கத்துக்கு நிபந்தனைகள் வந்தன. இளவரசர் கொலைக்கு நீங்கள்தான் பொறுப்பு, இத்தனையும் செய்யுங்கள், இரண்டே நாளில் பதில் வேண்டும் என்று. எங்கள் மந்திரிகள் தூங்காமல் உட்கார்ந்து ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். ஒன்றுக்குத்தான் முடியாது என்றார்கள். வியன்னாவின் ஆட்கள் எங்கள் நாட்டுக்குள் வந்து விசாரணை செய்வார்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது நம்ம ஆணிதானே மாமா?” என்றேன். மாமனார் என்னை முறைத்தார்.

அன்று மாலை வியன்னாவின் தூதர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து போய்விட்டார். அரண்மனைப் பக்கம் முரசு அடித்தார்கள். சிறியவரும் பெரியவருமாக ஆண்கள் எல்லாம் மூட்டையோடு கிளம்பினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆறு மூடப்போகிறது. என் பிள்ளையின் பெயர் அந்தக் கரையில் மாட்டிக்கொள்ளப் போகிறது.

அடுப்பங்கரைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்துவந்தேன். நடுச்சுவரில், மாமனார் கண்ணெதிரே, பெரிய ஆணியாகப் பார்த்து அடித்தேன். முதல் அடி விரலில் விழுந்தது. இரண்டாவது அடியிலிருந்து சரியாக விழுந்தது. நான் அதே வேகத்தில் படகுத்துறைக்கு ஓடினேன்.

“யோக்சிம் அண்ணே, ஓடிப் போய்ச் சொல்லுங்க, ஆணி அடிச்சாச்சுன்னு!”

யோக்சிம் படகைத் தள்ளினார். பாதி ஆற்றிலேயே அந்தக் கரைக் காவல்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சில நாளில் வியன்னா எங்கள் மேல் போர் அறிவித்தது. அன்றிரவே எங்கள் ஆட்கள் பாலத்தைத் தகர்த்தார்கள். அலமாரியிலிருந்த தட்டெல்லாம் கீழே வந்துவிட்டது. ஆற்றில் இரும்புக் கப்பல்கள் வந்து ஊருக்குள் குண்டு போட்டன. அதோடு முடிந்ததா? எங்களுக்காக ரஷ்யா கிளம்பியது, ரஷ்யா கிளம்பியதால் ஜெர்மனி கிளம்பியது, ஜெர்மனி போய் பிரான்சை அடிக்க, போகிற வழியில் பெல்ஜியத்தை மிதித்தது, பெல்ஜியத்தை மிதித்ததால் இங்கிலாந்து கிளம்பியது. பெல்ஜியம் என்று ஒரு நாடு இருப்பது எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். தெருமுனையில் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டால் பக்கத்து ஊர்ச் சம்பந்தி கம்போடு ஓடிவருகிற கதைதான். விலக்கிவிட மட்டும் ஒருவரும் வரவில்லை.

வெலிமிரைப் படையில் எடுத்துக்கொண்டார்கள். வயது கூடியவர்களைச் சேர்க்கிற மூன்றாம் பிரிவு அது. சீருடை கிடையாது. சொந்தச் சட்டை, சொந்தச் செருப்பு, பழைய துப்பாக்கி. தகர்ந்த பாலத்தடியில் பள்ளம் வெட்டி ஆற்றைக் காவல் காத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து இறங்கினால் கூப்பிடு தூரம். என் மாமனாரும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், முழங்கால் வலியோடு அவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார்.

ஊர் காலியாகிக்கொண்டே வந்தது. நானும் எலிக்குட்டியும் நிலவறைக்குள் குடியேறினோம். அந்த ஈரத்தில் பிள்ளைக்குச் சளி பிடித்தது. பிறகு காய்ச்சல். ஆகஸ்டு முடியும் நேரத்தில் அவன் அழுவதையே குறைத்துக்கொண்டான். அது எனக்குக் குண்டுச் சத்தத்தைவிடப் பயமாக இருந்தது. பெயரில்லாமல், ஞானஸ்நானம் இல்லாமல் ஒரு குழந்தை போனால் அதைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கமாட்டார்கள், வேலிக்கு வெளியேதான் வைப்பார்கள். இதை நினைத்தபோதெல்லாம் எனக்கு உலகத்து ஆண்கள் மேல் எல்லாம் கோபம் வந்தது, இரண்டு கரைக்கும் பாரபட்சமில்லாமல்.

நிகிஃபோர் பாதிரியார் வந்தார். கோயில் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டார்கள், மறுநாள் காலையில் தெற்கே கிளம்புகிறார்.

“ஆபத்துக்குப் பாவமில்லை ஸ்பாசா” என்றார். “யோக்சிமைக் கூமா நிறுத்தி, ஏதாவது ஒரு பேரை வச்சு முடிச்சிடலாம்.”

“கூமை மாத்தினா வம்சம் விளங்காது” என்றார் மாமனார் உடனே.

எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ தெரியாது. “இப்ப எந்த வம்சம் மாமா விளங்குது? இதோ கிடக்கே, இதுதானே உங்க வம்சம்? உங்க மானத்தைக் கொண்டாந்து இது நெத்தியில வச்சுப் பாருங்க, காய்ச்சல் இறங்குதான்னு!”

மாமனார் பிள்ளையின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். பாதிரியாரிடம் சாயங்காலம் வரை பொறுக்கச் சொன்னேன். எதற்காகப் பொறுக்கச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இனி ஆற்றங்கரையில் நடந்ததை வெலிமிர் ஒரு விதமாகச் சொன்னார், யோக்சிம் ஒரு விதமாகச் சொன்னார். இரண்டையும் கலந்து, பொய்யை வடிகட்டித் தருகிறேன்.

காற்று அசையாத பிற்பகல். அப்படிப்பட்ட வேளையில் சாவா ஆற்றின் மேல் குரல் வழுக்கிக்கொண்டு வரும். அந்தக் கரை நாணலுக்குள்ளிருந்து யாரோ அதட்டுவது கேட்டது.

“தலையை ஆட்டாதீங்க ஐயா, காது போயிடும்!”

வெலிமிர் துள்ளி எழுந்தார். சின்ன வயதிலிருந்து அவர் தலைமுடியை வெட்டிய குரல் அது. அர்சாவையும் அவர்கள் படையில் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்க லெப்டினன்ட் தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, நாணலுக்கு நடுவில் ஒரு முக்காலி, முக்காலியில் ஒரு சார்ஜென்ட், முகமெல்லாம் நுரை, பின்னால் கத்தியோடு ஒரு குண்டு மனிதன் என்றார்.

“அர்சா அண்ணே! கூமே! நான் வெலிமிர்!”

நாணல் அசைந்தது.

“எந்த வெலிமிர்? பீன்ஸ் வீட்டு வெலிமிரா?”

“ஆமாண்ணே! பீன்ஸ் வீடுதான்! புள்ளைக்குக் காய்ச்சல்ணே, நிலைமை சரியில்ல! பாதிரியாரு காலையில ஊரை விட்டுப் போறாரு! பேரைச் சொல்லுண்ணே!”

“ஆணி?”

“அடிச்சாச்சு! ஸ்பாசா அடிச்சா!”

“ஸ்பாசா அடிச்சா அது தங்கச்சி ஆணி. பெரியவர் என்ன சொல்றாரு?”

பள்ளத்திலிருந்த கிழட்டுச் சிப்பாய்கள் எல்லாரும் திரும்பி, வாளியோடு நின்ற என் மாமனாரைப் பார்த்தார்கள். கதை முழுக்க அவர்களுக்கு மனப்பாடம். பள்ளத்தில் வேறு என்ன பொழுதுபோக்கு? மாமனார் வாளியைக் கீழே வைத்தார். மணல் மூட்டையின் மேல் ஏறி, முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நின்றார்.

“டேய் அர்சா!” என்று கத்தினார். “தாடி வழிக்கிறவன்னு சொன்னது தப்புடா! எல்லார் முன்னாலயும் சொல்றேன், தப்பு! ஆணி என் ஆணிதான்! இன்னிக்கு என்ன தேதின்னு நீயே சொல்லு, நீ சொல்றதுதான் தேதி! என் பேரனுக்குப் பேரைக் குடுடா!”

அப்புறம் அந்தக் கரையிலிருந்து குரல் வந்தது, பழைய மிடுக்கு எதுவும் இல்லாமல்.

“பெரியவரே, முதல்ல குனிங்க! எங்க ஆளுங்க குறி பார்க்கிறாங்க!”

வெலிமிர் அப்பாவின் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார். அப்போது அர்சா பெயரைச் சொன்னார். இரண்டு தரம் சொன்னார், ஒவ்வோர் எழுத்தாக இழுத்து. சார்ஜென்ட் நினைத்தால் தடுத்திருக்கலாம். ஆனால் வாயெல்லாம் நுரையும் கழுத்தில் சவரக் கத்தியும் இருக்கும்போது ஒரு சார்ஜென்டால் என்ன பெரிய உத்தரவு போட முடியும்? அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்த பிறகுதான் துப்பாக்கிகள் வெடித்தன. அதற்குள் பெயர் ஆற்றைக் கடந்துவிட்டது.

இங்கே நான் நிலவறை வாசலில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தேன். கீழே துப்பாக்கிச் சத்தம். சரிவில் யாரோ ஓடிவருகிற காலடிகள். பார்த்தால், காவல் மாறிய மூன்று கிழட்டுச் சிப்பாய்கள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு மேடேறி ஓடிவருகிறார்கள். எதிர்த்த வீட்டுக் கூரையில் ஒரு குண்டு விழுந்து ஓடு பறந்தது. அவர்கள் நிற்கவில்லை. வந்து என் முன்னால் வரிசையாக நின்று மூச்சு வாங்கினார்கள்.

“பேர் கிடைச்சுதா?” என்றேன்.

மூவரும் தலையை ஆட்டினார்கள்.

“சொல்லுங்களேன்!”

ஒருவர் மீசையைக் கடித்துக்கொண்டார். ஒருவர் வானத்தைப் பார்த்தார்.

“அடப் பாவிங்களா! குண்டுக்கு நடுவுல ஓடிவந்துட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கிறீங்களே! சொல்லித் தொலைங்க!”

“நாங்க சொல்லக் கூடாது தாயி” என்றார் மூத்தவர். “வர்றவர் சொல்லட்டும்.”

சரிவில் என் மாமனார் வந்துகொண்டிருந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து, வேலியைப் பிடித்துப் பிடித்து. சட்டையெல்லாம் மண். அவர் வந்து சேரும்வரை அந்த மூன்று பேரும் அசையாமல் காத்திருந்தார்கள். என் முன்னால் வந்து நின்றார். விரலை எடுத்துத் தன் மார்பில் வைத்துக் காட்டினார்.

“என்ன மாமா? நெஞ்சு வலிக்குதா?”

“ராதிசாவ்” என்றார். “என் பேரும்மா. அந்தக் கழுதை என் பேரை வச்சிருக்கான்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றைக்குக் கெண்டையோடும் வெள்ளைத் துணியோடும், தவறான தேதியில், வட்டத் தொப்பியோடு என் முற்றத்தில் வந்து நின்றபோதே அந்த மனிதரின் நெஞ்சுக்குள் இருந்த பெயர் அதுதான். பெரியவருக்குக் கொடுக்க அதைக் கொண்டுவந்திருந்தார். நாங்கள் பீன்ஸ் சூப் கொடுத்து அனுப்பினோம். நான் வாய்விட்டு அழுதேன். மாமனாரும் அழுதார், ஆனால் புகை கண்ணில் பட்டது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

கூம் வாயிலிருந்து பெயர் வந்துவிட்டது, கையை மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்றார் பாதிரியார். யோக்சிம் குழந்தையை ஏந்தினார். வெள்ளைத் துணி இல்லாததால் என் தலைத்துணியை அவிழ்த்துப் போர்த்தினேன். சின்ன ராதிசாவ் தண்ணீர் பட்டதும் நிலவறையே அதிர வீறிட்டான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்படி அழுதான். ஒரு வாரத்தில் சளியும் அடங்கியது. சிவப்புப் பூப் போட்ட காலுறையை முறைப்படி பெரிய ராதிசாவுக்குக் கொடுத்தேன். எட்டு வயதுப் பையன் காலுக்குப் பின்னியது. அதை அவர் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து நாணலுக்குள் அந்தக் குரல் கேட்கவில்லை. வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள் என்றார் வெலிமிர். எதிரியிடம் பேசியதற்கு என்ன தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும். மாமனார் மட்டும் தினமும் தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் கரையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டிசம்பரில் எங்கள் படை பின்வாங்க, அவர்கள் ஆற்றைக் கடந்து ஊரைப் பிடித்தார்கள். நாங்கள் அதற்குள் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போய்விட்டோம். அவர்களால் எங்கள் ஊரைப் பதின்மூன்று நாள்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. இரண்டு காலண்டருக்கும் நடுவில் இருக்கிற அளவுதான். பிறகு எங்கள் ஆட்கள் விரட்டி அடித்தார்கள், நாங்கள் வண்டி கட்டித் திரும்பினோம்.

வீட்டுக் கூரையில் பாதி இல்லை. அலமாரியை விறகாக்கிவிட்டார்கள். ஆனால் நடுச்சுவர் நின்றது, ஆணியும் இருந்தது. ஆணியில் வெள்ளையாக ஏதோ தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தேன். அழகாக மடித்து, ஒரு முனையை முடிச்சிட்டு மாட்டிய துணி. ஜூனில் எங்கள் வாசலைத் தாண்டிப் போன அதே துணி. எடுத்து முகர்ந்தேன். சவரச் சோப்பு வாசனை.

மாமனார் என் கையிலிருந்து துணியை வாங்கினார். அதைப் பிரித்துப் பார்த்தார், உதறிப் பார்த்தார். சுவரில் ஆணியைச் சுற்றித் தடவினார், தரையில் குனிந்து செங்கல் துண்டுகளைப் புரட்டினார்.

“என்ன மாமா தேடுறீங்க?”

“காலண்டர்மா. மாட்டாம போயிட்டான் பாரு, முட்டாப் பய. இவ்வளவு தூரம் வந்தவன் அதை மாட்டிட்டுப் போறதுக்கு என்னவாம்?”

பேரனைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கூரையில்லாத அறையில், அந்த ஆணிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

“ஸ்பாசா, அவன் கணக்குல இன்னிக்கு என்ன தேதிம்மா?”